மோஸ்டோஃப்டுக்கு என்ன நிறம்

கோபன்ஹேகன்
12 மே 1846

அன்புள்ள போடில் அக்காவுக்கு,

தம்பி லவ்ரிட்ஸ் எழுதுவது. நான் நலம். நீயும் அஸ்முஸ் அத்தானும், அத்தானின் அப்பா யெப் பெரியவரும், உன் பிள்ளைகள் ட்ரீனேயும் குட்டி டெட்லெஃப்பும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய கம்பளிக் காலுறை அப்போதே வந்து சேர்ந்தது. நன்றி சொல்லத்தான் மே மாதம் ஆகிவிட்டது. "புத்தகத்தைக் கட்டிக்கிட்டு அழட்டும், எனக்கென்ன" என்று நீ அடுப்படியில் முணுமுணுத்திருப்பாய். முணுமுணுத்தது நியாயம்தான்.

இப்போது ஒரு நல்ல செய்தி. டென்மார்க்குக்கும் ஜெர்மனிக்கும் நடுவில் கிடக்கும் நம் ஸ்லெஸ்விக் நாட்டுக்கு ஒரு மொழி வரைபடம் போடும் வேலையை எங்கள் சங்கம் என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. ஊர் ஊராகப் போய், அங்கே வீட்டுக்குள் என்ன மொழி பேசுகிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். டேனிஷ் பேசும் ஊருக்குச் சிவப்பு. ஜெர்மன் பேசும் ஊருக்கு நீலம். இரண்டும் கலந்து பேசினால் சிவப்பும் நீலமுமாகக் கோடு.

இங்கே உள்ள பெரிய மனிதர்கள், ஃப்ளென்ஸ்போர்க் நகரத்துக்குத் தெற்கே எல்லாமே ஜெர்மன்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கோவிலில் பிரசங்கம் ஜெர்மன், பள்ளிக்கூடம் ஜெர்மன், கோர்ட்டும் ஜெர்மன் என்பதால் வந்த முடிவு. பாதிரியார் பேசுவது பாதிரியாரின் மொழி. எனக்கு வேண்டியது அடுப்படி மொழி. இதற்கு முன் இந்த வேலையைத் தொட்டவர்கள் பாதிரிமாருக்குக் கடுதாசி போட்டுக் கேட்டு, வந்த பதிலை அப்படியே நம்பிவிட்டார்கள். நான் நடந்தே போகப்போகிறேன். என் காதால் கேட்டதை மட்டும்தான் எழுதுவேன்.

புல் அறுப்பு முடிந்ததும் ஜூலையில் உன் ஊருக்கு வருகிறேன். நீ கல்யாணமாகித் தெற்கே போன பிறகு உன்னை நான் பார்க்கவேயில்லை, அக்கா. அம்மா போன பின் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நீ. இப்போது எனக்கு முன்மண்டையில் வழுக்கை விழ ஆரம்பித்துவிட்டது. பிச்சைக்காரன் என்று நினைத்து நாயை அவிழ்த்துவிடாதே.

உன் தம்பி
லவ்ரிட்ஸ்


மோஸ்டோஃப்ட், பள்ளிக்கூட வீடு
3 ஜூன் 1846

அன்புத் தம்பி லவ்ரிட்ஸுக்கு,

அக்கா எழுதுவது. வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு இத்தனை பக்கம் வேண்டியிருக்கிறது. படித்தவனாயிற்றே! ஆனால் அந்த ஒரு வார்த்தையை நான் எத்தனை தடவை எடுத்து எடுத்துப் படித்தேன் என்று உன் அத்தானைக் கேட்டால் சொல்வார்.

உன் வேலைதான் எனக்குப் பிடிபடவில்லை. ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டு வருவதற்கா உனக்குச் சம்பளம்? எங்கள் ஊரைப் பற்றி நானே சும்மா சொல்லிவிடுவேனே. இங்கே கடவுளிடம் ஜெர்மன், மாட்டிடம் டேனிஷ். என் மாமனார் யெப் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகி ஜெர்மனில் பாடுவார். வீட்டுக்கு வந்து தொழுவத்தில் கால் வைத்ததும், "ஏ தடிச்சி, கால எடுடீ! வாளிய ஒதச்சே, தோல உரிச்சுப்புடுவேன்" என்று நம் பேச்சில் ஆரம்பித்துவிடுவார். வாத்தியாரான உன் அத்தான் பள்ளிக்கூடத்தில் ஜெர்மன், என்னிடம் இரண்டும் கலந்து. கோபம் வந்தால் எந்த மொழியிலும் பேசமாட்டார்.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். வாயிலிருந்த பைப்பைக் கீழே வைத்துவிட்டு, "படம் போட்டு என்ன பண்ணப் போறாங்களாம்?" என்று கேட்டார்.

"சுவத்துல மாட்டி அழகு பாப்பாங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவர் சுபாவம் உனக்குத் தெரியாது. மழை வரும் முன்பே குடையை விரித்துக்கொண்டு நிற்கிற மனுஷன்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். நீயே வந்து பார். உனக்கு ஓர் ஆச்சரியம் வைத்திருக்கிறேன். விலாங்கு மீன் புகை போட்டுத் தொங்குகிறது. நெல்லிக்காய் பழுத்துவிடும். பழக்கூழுக்குப் பாலாடை எடுத்து வைப்பேன். நடந்து வருகிறவன் நல்ல பூட்ஸ் போட்டுக்கொண்டு வா. எங்கள் ஆங்கெல் வட்டாரத்துச் சேறு லேசில் விடாது.

உன் அக்கா
போடில்


ஃப்ளென்ஸ்போர்க்
2 ஆகஸ்ட் 1846

அன்பு அக்கா,

உன் வீட்டை விட்டு வந்ததிலிருந்து நடக்கிறேனா பறக்கிறேனா என்று தெரியவில்லை. இங்கே சத்திரத்தில் உட்கார்ந்து, சாராயம் கலந்த காபியை ஆறவிட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

உண்மையைச் சொல்கிறேன். உன் ஊருக்கு வரும்போது எனக்கு நம்பிக்கையே இல்லை. பக்கத்து ஊர்களில் எல்லாம் நான் டேனிஷில் வழி கேட்டால் ஜெர்மனில் பதில் சொன்னார்கள். மோஸ்டோஃப்ட் குளத்தங்கரையில் திரும்பியதும் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். உன் ட்ரீனே தட்டில் ரொட்டியும் தேனும் ஏந்திக்கொண்டு, "வாங்க மாமா, எங்க வீட்டு ரொட்டி சாப்பிடுங்க. தேனும் எங்க தேனுதான்" என்றாளே! டேனிஷில்! பாதிரியார் வீட்டுப் பையன்கள்கூட எனக்கு வணக்கம் சொன்னது நம் மொழியில்.

கொல்லர் மனைவி அபெலோனேயை மறக்க முடியுமா? "என்ன தம்பி, கோபன்ஹேகன்ல சோறு போடுறதில்லையா? கழுத்தெல்லாம் கொக்கு மாதிரி இருக்கு" என்று வாசலில் வைத்துக் கேட்டாள். கோவில் முடிந்து வெளியே வந்த பெண்கள் ஒருத்தி விடாமல் என்னிடம் நின்று பேசினார்கள். உள்ளே அத்தனை நேரம் ஜெர்மன். வெளியே வாசற்படி தாண்டியதும் டேனிஷ். இதைத்தான் அக்கா, நான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மேலே பூசியது ஜெர்மன், அடியில் இருப்பது நம்முடையது.

அஸ்முஸ் அத்தான் மட்டும் அதிகம் பேசவில்லை. அவருக்கு என்னைப் பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். நீதான் அவர் அப்படித்தான் என்றாய்.

மோஸ்டோஃப்டுக்குச் சிவப்பு தீட்டிவிட்டேன். கோடு இல்லை, முழுச் சிவப்பு. படத்தில் அதுதான் தெற்கே உள்ள கடைசிச் சிவப்பு. அதைப் பார்க்கும்போதெல்லாம் உன் முகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

உன் அன்புத் தம்பி
லவ்ரிட்ஸ்


மோஸ்டோஃப்ட்
14 செப்டம்பர் 1846

அன்பு லவ்ரிட்ஸ்,

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு உன் அத்தான் ஒரு வார்த்தை சொன்னார். அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நீ கேட்டதெல்லாம் நான் ஏற்பாடு செய்தது.

இந்த ஊர் மரியாதை உனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தவனுக்குச் சூடாகக் காபி கொடுப்பார்கள், அவன் மொழியிலேயே பேசுவார்கள். வடக்கேயிருந்து சட்டி விற்கிற ஜட்லாந்துக்காரன் வந்தால் அவன் டேனிஷ். ஹாம்பர்க் மாட்டு வியாபாரி வந்தால் அவன் ஜெர்மன். தெரிந்த நாலு வார்த்தையையாவது போட்டுப் பேசுவார்கள். வந்தவனைத் தன் மொழிக்கு இழுப்பது இங்கே அவமரியாதை. அது போதாதென்று நான் வேறு வீடு வீடாகப் போய், என் தம்பி வருகிறான், அவனிடம் டேனிஷில் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

அபெலோனே, "அடிப் போடி, என் நாக்கு துருப்பிடிச்சுக் கெடக்கு. எங்க பாட்டன் காலத்துப் பேச்சு" என்றாள். "துடைச்சு எடுடி, எனக்காக" என்றேன். அந்தக் கொக்குக் கழுத்து வசனத்தை இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் தயார் செய்தோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ட்ரீனேக்கும் டெட்லெஃப்புக்கும் டேனிஷ் தெரியாது, லவ்ரிட்ஸ். நான் பேசினால் புரியும், திருப்பிச் சொல்ல வராது. என் பிள்ளைகளால் உன்னோடு பேச முடியாது என்று உனக்கு எழுத எனக்கு மனசு வரவில்லை. நான் வளர்த்த பிள்ளையிடம் நான் பெற்ற பிள்ளை ஊமையாக நிற்பதா? அதனால் அடுப்படி மேஜையில் உட்கார வைத்து, சர்க்கரைக் கட்டி காட்டிக் காட்டி அந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொடுத்தேன். மற்றப் பிள்ளைகளும் சர்க்கரைக்காக வந்து சேர்ந்துகொண்டார்கள். நீ வருவதற்கு முந்தின நாள் ட்ரீனே என்னிடம், "மாமா போனதுக்கப்புறம் நாங்க நம்ம பேச்சே பேசலாமாம்மா?" என்று கேட்டாள். அவள் சொன்ன நம்ம பேச்சு ஜெர்மன்.

உன் அத்தான் சொன்னது இதுதான்: "அந்தப் படத்தச் சுவத்துல மாட்டி அழகு பாக்க மாட்டாங்க போடில். பள்ளிக்கூடத்துக்குள்ள கொண்டாந்து மாட்டுவாங்க." டேனிஷ் ஊர் என்று எழுதிவிட்டால், ஏன் இங்கே பள்ளிக்கூடம் ஜெர்மனில் நடக்கிறது என்று ஒருநாள் கேட்பார்களாம். அவர் ஜெர்மனில் படித்து ஜெர்மனில் தேறியவர். எழுதவும் கணக்கும் வேதமும் அதில்தான் சொல்லிக்கொடுக்க வரும். பள்ளி போனால் இந்த வீடும் போகும். இது பள்ளிக்கூடத்து வீடு.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள் நான்தான். உன் மேல் குற்றமில்லை. யெப்பும் அவர் வயசுக்காரர்களும் டேனிஷ் பேசுகிறார்கள், அது நிஜம். மற்றவர்கள் ஜெர்மன். ஆகையால் கோடு போடு தம்பி. சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்டால் போதும். அதுதான் உண்மையும்கூட.

பதில் சீக்கிரம் போடு.

அக்கா
போடில்


கோபன்ஹேகன்
9 நவம்பர் 1846

அன்பு அக்கா,

உன் கடிதம் என்னைக் காயப்படுத்தியது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. அத்தான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினாயோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு சர்க்கரைக் கட்டி வந்த இடத்தில் அது நீதான் என்று தெரிந்துகொண்டேன்.

நீ எனக்காகச் செய்ததை நினைத்தால் அழுகை வருகிறது. ஆனால் யோசித்துப் பார். இல்லாத மொழியை ஒரு ஊரால் விருந்தாளிக்காகப் பேசிக் காட்ட முடியுமா? நீ கேட்டுக்கொண்டதும் அத்தனை வீட்டிலும் அந்தப் பேச்சு வெளியே வந்ததே, அது எங்கே இருந்தது? கொல்லர் மனைவி தன் நாக்கு துருப்பிடித்திருக்கிறது என்றாளாம். துருப்பிடிக்க முதலில் இரும்பு இருக்க வேண்டுமே! பெட்டியின் அடியில் மடித்து வைத்த உடுப்பு உடுப்பு இல்லையா? அதை வெளியே எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூச்சப்படும்படி அவர்களை ஆக்கியது யார்? பாதிரியாரும் பள்ளிக்கூடமும்தானே? அத்தானைக் குறை சொல்லவில்லை. அவரையும் அப்படி ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

கோடு போடச் சொல்கிறாய். மற்ற ஊர்களில் நான் என் காதை நம்பினேன். என் சொந்த அக்கா கேட்டுக்கொண்டாள் என்பதற்காக ஒரே ஓர் ஊரில் மட்டும் காதைப் பொத்திக்கொண்டால், பிறகு நான் எந்த முகத்தோடு இந்தப் படத்தில் கையெழுத்துப் போடுவது?

தவிர, படம் அச்சுக்கல்லில் ஏறிவிட்டது. கல்லில் செதுக்கியதை மாற்றுவது லேசான காரியமில்லை. அத்தான் பயப்படுவது போல எதுவும் நடக்காது. இது படிப்பாளிகள் பார்க்கும் படம். மந்திரிகள் படம் பார்க்கிறவர்கள் இல்லை.

ட்ரீனேயைத் திட்டாதே. அவள் உச்சரிப்பு மிக நன்றாக இருந்தது.

அன்புடன்
லவ்ரிட்ஸ்


மோஸ்டோஃப்ட்
6 ஏப்ரல் 1851

லவ்ரிட்ஸுக்கு,

ஜெர்மன்காரர்களோடு நடந்த யுத்தத்தில் டென்மார்க் ராஜா ஜெயித்து முடிந்த பிறகு நான் எழுதும் முதல் கடிதம். நாங்கள் உயிரோடு இருக்கிறோம். டெட்லெஃப் அம்மை கண்டு தேறிவிட்டான். நீ பேராசிரியர் ஆகிவிட்டாய் என்று பத்திரிகையில் பார்த்தேன். பெருமையாக இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

ராஜாவின் உத்தரவு உனக்குத் தெரிந்திருக்கும். இனி எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் டேனிஷ். பிரசங்கம் ஒரு ஞாயிறு டேனிஷ், ஒரு ஞாயிறு ஜெர்மன். அதிகாரி ஒருவர் வண்டியில் வந்து இறங்கினார். உன் அத்தானின் மேஜை மேலேயே உன் படத்தை விரித்து, எங்கள் ஊர் மேல் விரலை வைத்து, "சிவப்புன்னு போட்டிருக்கே. பிள்ளைங்களுக்குத் தாய்மொழியில பாடம் சொல்லிக்குடுக்க உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டார்.

உன் அத்தான், "அது அவங்க தாய்மொழி இல்லைங்க ஐயா" என்றார்.

"உங்க மச்சான் போட்ட படம்தானே இது? அவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சுடப் போவுது?"

உன் அத்தானை டேனிஷில் ஒரு பாடம் எடுத்துக் காட்டச் சொன்னார். எடுத்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் வாழ்நாளில் வகுப்பில் பிள்ளைகள் அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை. தகுதி போதாது என்று அதிகாரி எழுதிவிட்டுப் போனார். மே முதல் தேதி டென்மார்க்கின் ஃப்யூன் தீவிலிருந்து ஓவே என்று ஒரு வாலிபன் வாத்தியாராக வருகிறான். அதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

ஊர் எங்களோடு சரியாகப் பேசுவதில்லை. பேராசிரியரின் அக்காவாம் நான். அபெலோனே என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறாள். என் மாமனார் கதையைக் கேள். "ராஜா பேசச் சொன்னா நான் பேசணுமோ? என் வாய் என்ன அவன் வீட்டுக் கதவா?" என்று சொல்லிவிட்டு டேனிஷையே விட்டுவிட்டார். மாட்டிடம்கூட இப்போது ஜெர்மன். அது பாவம், மிரண்டுபோய் நிற்கிறது.

உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. கேட்டது ஒன்று, அதை நீ செய்யவில்லை. இப்போது இரண்டாவது. மந்திரிக்கு ஒரு கடிதம் எழுது. மோஸ்டோஃப்ட் விஷயத்தில் என் காது தவறிவிட்டது, அங்கே பள்ளி பழையபடி இருக்கட்டும் என்று எழுது. உன் வார்த்தைக்கு இப்போது மதிப்பு இருக்கிறது. மே முதல் தேதிக்குள் எழுது.

போடில்


கோபன்ஹேகன்
24 ஏப்ரல் 1851

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு பல நாள் யோசித்தேன். அந்த உத்தரவை நான் எழுதவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. என் படத்தில் எங்கே என்ன பேசுகிறார்கள் என்று இருக்கிறதே தவிர, யாரை எந்த மொழியில் படிக்க வைக்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது.

ஆனால் நீ கேட்ட கடிதத்தை எழுத என்னால் முடியவில்லை. ஜெர்மன் பத்திரிகைக்காரர்கள் என் படத்தில் ஓர் ஓட்டை கிடைக்காதா என்று காத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓர் ஊர் தவறு என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தால், மற்ற ஊர் அத்தனையும் பொய் என்று அதையே காட்டுவார்கள். வடக்கே நம் அப்பாவின் ஊரும் அதில் அடக்கம். அங்கே டேனிஷ் பள்ளிக்காக ஜனங்கள் எவ்வளவு காலம் ஏங்கினார்கள் என்று உனக்கே தெரியும். ஒரு வீட்டைக் காப்பாற்ற அவர்களை நான் எப்படிக் கைவிடுவது?

எல்லாரும் இங்கே வந்துவிடுங்கள். அச்சகத்தில் ஜெர்மன் புத்தகங்களுக்குப் பிழை திருத்தும் வேலை இருக்கிறது. அத்தானுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். என் வீட்டில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது.

என்னை மன்னிக்க முயற்சி செய்.

லவ்ரிட்ஸ்


கோபன்ஹேகன்
18 டிசம்பர் 1851

அன்பு அக்கா,

மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. இப்போது எந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்றும் தெரியவில்லை. அதனால் ஊர்ப் பேரை மட்டும் எழுதி அனுப்புகிறேன். அத்தான் செங்கல் சூளையில் கணக்கு எழுதுவதாகக் கேள்விப்பட்டேன். பிள்ளைகளுக்குப் புத்தகம் அனுப்பியிருக்கிறேன். ஜெர்மன் புத்தகம்தான்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து.

லவ்ரிட்ஸ்


கோபன்ஹேகன்
11 பிப்ரவரி 1865

அன்புள்ள போடில் அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருமா, வந்தால் பிரிப்பாயா என்று தெரியாது. போன வருஷ யுத்தத்தில் எல்லாம் போய்விட்டது. நீ இருக்கும் மண்ணும், நாம் பிறந்த மண்ணும் இப்போது பிரஷ்யா ஜெர்மன்காரன் கையில். இங்கே தெருவில் கால் இழந்த பையன்களைப் பார்க்கிறேன். பிள்ளைகள் இல்லாத எனக்கே தாங்கவில்லை. டெட்லெஃப்பை எந்தப் பட்டாளத்திலும் சேர்க்காமல் இருந்தார்களா?

வரைபடத்தை மறுபடியும் போடச் சொல்கிறார்கள். நாடு கைவிட்டுப் போனாலும், அங்கே யார் என்ன பேசுகிறார்கள் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். வடக்கே எனக்குச் சந்தேகம் இல்லை. தெற்கே ஒரே ஓர் ஊரில் கை நிற்கிறது.

இந்த முறை நான் வரமாட்டேன், அக்கா. நான் வந்தால் ஊர் எனக்காகப் பேசும். உன் காதை விட்டால் எனக்கு வேறு காது இல்லை. மோஸ்டோஃப்டில் இன்று என்ன பேசுகிறார்கள்? நீ என்ன நிறம் சொல்கிறாயோ அதைத் தீட்டுகிறேன். காரணம் கேட்கமாட்டேன்.

லவ்ரிட்ஸ்


மோஸ்டோஃப்ட்
2 ஏப்ரல் 1865

லவ்ரிட்ஸுக்கு,

கடிதம் வந்தது. பிரித்தேன். டேனிஷில் எழுதிப் பல வருஷம் ஆகிறது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள், அது உன் தொழில்தானே.

முதலில் வீட்டுச் செய்தி. டெட்லெஃப் கப்பலில் சமையல்காரனாக இருக்கிறான். துப்பாக்கி தூக்கவில்லை. ட்ரீனே ஃப்ளென்ஸ்போர்க்கில் ஒரு கயிறு வியாபாரியைக் கட்டிக்கொண்டு, வாய்க்கு வாய் அவனை அடக்கி ஆள்கிறாள். என் மாமனார் இறந்து ஏழு வருஷமாகிறது. கடைசி வரை வீம்பை விடவில்லை. சாகிற அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெர்மனில் வார்த்தை அகப்படவில்லை. டேனிஷில் சொல்லவும் மனசில்லை. சொல்லாமலே போய்விட்டார்.

போன வருஷம் புது அதிகாரிகள் வந்தார்கள். டேனிஷ் வாத்தியார் ஓவேயை வெளியே போகச் சொன்னார்கள். உன் அத்தானைக் கூப்பிட்டுப் பழைய வேலையை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவருக்குச் செங்கல் தூசியில் இருமல் பிடித்துவிட்டது, ஆனாலும் போனார். போனவர் திரும்பி வந்து, "அந்த வீட்டுல குழந்தைங்க இருக்குடி. வண்டி வர்ற வரைக்கும் நான் உள்ள போகமாட்டேன்" என்றார். அந்த வாலிபனைப் போலத்தான் தானும் ஒருநாள் நின்றேன் என்று அவருக்கு இருந்திருக்கும். பிறகு என்னை, நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்றார்.

பதின்மூன்று வருஷம் அந்த வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை, லவ்ரிட்ஸ். ஓவேயின் பெண்டாட்டி கிர்ஸ்டீனேயைச் சாலையில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். அவள் வந்த புதிதில் தனியாகக் கிணற்றடியில் நின்று அழுததைப் பார்த்திருக்கிறேன். அப்போதும் போகவில்லை. அன்றைக்குத்தான் வழிக்கு ரொட்டி கட்டிக்கொண்டு போனேன். மூட்டை முடிச்சுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். "இந்தாம்மா, பிள்ளைங்களுக்குப் பசிக்கும், வெச்சுக்கோ" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க டேனிஷ் பேசுவீங்களா? இத்தனை வருஷமா இந்த ஊர்ல என்கூடப் பேச ஒரு பொம்பளை இல்லையேன்னு செத்துக்கிட்டிருந்தேனே!" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். வண்டிக்காரன் சத்தம் போடும் வரை இரண்டு பேரும் பேசினோம். என்ன பேசினோம் என்று நினைவில்லை. வெண்ணெய் கடைவது பற்றி என்று நினைக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். நீலம் தீட்டு. முழு நீலம். கோடு வேண்டாம். நீ அன்று வந்தபோது கோடு போட்டிருந்தால் அது சரியாக இருந்திருக்கும். அப்போது தெரிந்தவர்கள் பேசினார்கள், தெரியாதவர்கள் சர்க்கரைக்காகவாவது பேசினார்கள். உத்தரவு வந்த பிறகு ஒருத்தரும் பேசவில்லை. பள்ளியில் பிள்ளைகள் டேனிஷ் புத்தகத்தை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு, வாசலுக்கு வந்து காறித் துப்பினார்கள். கட்டாயப்படுத்தினால் கோவில் மணியைக்கூட ஜனங்கள் வெறுப்பார்கள். அபெலோனே போன மாதம் சமாதானமாகி என் வீட்டுக்கு வந்தாள். அவளிடம் நான் டேனிஷில் ஒரு வார்த்தை போட்டேன். அவள் காது கேட்காதது போல இருந்துவிட்டாள். ஆக இந்த ஊரில் அந்த மொழி பேசுகிறவள் நான் ஒருத்திதான். ஒருத்திக்காகப் படத்தில் நிறம் போடுவார்களா என்ன?

இது படத்துக்கு. இனிமேல் எழுதுவது உனக்கு.

வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். யார் உன்னை வரவேண்டாம் என்றது? உன் அத்தான்கூடச் சொல்லவில்லை. அவர் உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "ஆள் ரொம்பத் தளந்துட்டான் போலிருக்கே" என்று மட்டும் சொன்னார்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். அந்த ஒரு கடிதத்தை நீ மந்திரிக்கு எழுதியிருக்கலாம். உன்னிடம் கேட்க வேண்டியது, உன்னைத் திட்ட வேண்டியது எவ்வளவோ நெஞ்சில் கிடக்கிறது. உன் அத்தானிடம் ஜெர்மனில் சொல்லிப் பார்த்தேன். பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறது, ஒன்றும் தீரவில்லை. அது டேனிஷில்தான் வருகிறது. அதைக் கேட்டுப் பதில் சொல்ல இங்கே ஆள் இல்லை. எனக்கு அறுபது ஆகப்போகிறது. ஆராய்ச்சி, காகிதம், பென்சில் எதுவும் கொண்டுவராதே. என்னோடு சண்டை போட வா.

அக்கா
போடில்